சனிக்கிழமை ஒன்பது மணி வகுப்பு

ஜூன் 28, சனி

இது போன வருஷத்துக் கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாராவது எடுத்துப் புரட்டினால் முதலில் முக்கோணங்கள்தான் தெரியும்.

இன்று அம்மா எனக்கு ஒரு ஹெட்போன் வாங்கி வந்தாள். பிறந்தநாள் இல்லை. பரீட்சை முடிவும் வரவில்லை. காதை முழுவதும் மூடுகிற பெரிய வகை, வாய்க்குப் பக்கத்தில் குச்சி மாதிரி ஒரு மைக்.

"வெளிச்சத்தமே கேக்காதுன்னு கடைக்காரன் சொன்னான். போட்டுப் பாரு, மக்களே."

போட்டேன். அம்மாவின் வாய் அசைந்தது. எதுவும் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அம்மா சிரித்தாள். மேலுதடு வீங்கியிருந்ததால் ஒரு பக்கம்தான் சிரிப்பு வந்தது. குழாயடியில் வழுக்கிவிட்டதாம்.

அப்புறம் கேட்டாள். "சனிக்கிழமை ராத்திரி ஏதாவது ஆன்லைன் கிளாஸ் உண்டா? ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும்."

"என்ன கிளாஸ்மா?"

"எதுனாலும். பாட்டு, இங்கிலீஷ், எதுனாலும். ஆனா பன்னெண்டு வரைக்கும் இருக்கணும்."

தூத்துக்குடியில் எந்த அம்மாவும் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

தேடியதில் ஒன்றுதான் நேரத்துக்குப் பொருந்தியது. அது வகுப்பு இல்லை, விளையாட்டு. கதை சொல்லி விளையாடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, கதைக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். எல்லாம் தமிழில், போனில் பேசியபடியே. ஒவ்வொரு வாரத்துக்கும் கட்டணம் உண்டு. கதையின் பெயர் 'மூழ்கிய பட்டணம்'. திகில் கதை, பதினெட்டு வயதுக்கு மேல் மட்டும் என்று போட்டிருந்தது.

எனக்குப் பதினைந்து. பத்தொன்பது என்று எழுதினேன். கோயம்புத்தூரில் பி.காம். படிப்பதாகவும் எழுதினேன்.

அம்மாவிடம் கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு என்றேன். "நல்லதுதான்" என்று சொல்லி, ஜாக்கெட் தைத்த காசிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என்ன கதை என்று கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கதையை நடத்துகிறவர் அருளினி அக்கா. பெங்களூரில் இருக்கிறார். ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். 'கதையில் எது வரக்கூடாது? தயங்காமல் எழுதுங்கள். காரணம் கேட்க மாட்டேன்' என்று இருந்தது. திகில் கதை நடத்துகிறவர்கள் எல்லோரும் இப்படிக் கேட்பார்களாம்.

மற்ற இருவர் எழுதியது குழுவில் தெரிந்தது. கரூர் இன்பா அண்ணன், பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். 'கரப்பான்பூச்சி வேண்டாங்க, மத்தபடி என்னைக் கொன்னாலும் சரி' என்று எழுதியிருந்தார். சபீர் அண்ணன் காயல்பட்டினத்துக்காரர், ஷார்ஜாவில் வேலை. 'குழந்தைகள் சாகக்கூடாது' என்று எழுதியிருந்தார்.

நான் ஒன்று எழுதினேன். அழித்தேன். எழுதிவிட்டால் அது இருக்கிறது என்று ஆகிவிடும். கடைசியில் 'எதுவும் வரலாம்' என்று அனுப்பினேன்.

இன்பா அண்ணன் உடனே போட்டார்: "அடேங்கப்பா, வீரத் தங்கச்சி வந்தாச்சு!"

ஜூலை 5, சனி

எட்டரைக்கே சாப்பாடு முடிந்துவிட்டது. அம்மா ஒரு சொம்பில் தண்ணீரை என் அறையில் வைத்தாள். "கிளாஸ் முடியுத வரைக்கும் வெளிய வராத. நடுவுல எந்திரிச்சா டீச்சருக்குக் கோவம் வரும்லா" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

என் பாத்திரத்தின் பெயர் ஆரல். தீவட்டி பிடிக்கிறவள். பலம் பதினாறு, பயம் இரண்டு. இந்த எண்களை நாமே வைத்துக்கொள்ளலாம். இன்பா அண்ணன் கல்தச்சன், சபீர் அண்ணன் வைத்தியர். கடலுக்கு அடியில் போன ஒரு பட்டணம் அமாவாசையன்று தண்ணீருக்கு மேலே வரும். அதற்குள் போய்க் காணாமல் போனவர்களைத் தேட வேண்டும்.

அருளினி அக்காவின் குரல் கனமானது. அலை வற்றுவதை அவர் சொல்லும்போது எனக்குக் கால் ஈரமான மாதிரி இருந்தது. முதல் வீட்டுக்குள் யார் போவது என்று கேட்டார். "நான் போகிறேன்" என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்று மணி நேரம் நான் இந்த வீட்டில் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஹெட்போனைக் கழற்றியபோது வீடு அமைதியாக இருந்தது. குளியலறையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஓடியது.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா கோவிலுக்கு வரவில்லை. தலைவலி. அப்பாவும் நானும் போனோம். வாசலில் பாஸ்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் கிட்ட படிச்ச பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கு" என்றார்.

ஜூலை 10, வியாழன்

வியாழக்கிழமைதான். ஆனாலும் சனிக்கிழமை வந்துவிட்டது; அம்மா சொம்பை வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். இன்று வகுப்பு இல்லாததால் ஹெட்போனில் வெறும் பாட்டு.

ஜூலை 12, சனி

வீட்டைப் பற்றி எழுத வேண்டும். என் அறைக்கும் அப்பா அம்மா அறைக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரின் மேலே காற்றுக்காக ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். கண்ணாடி கிடையாது. இது இன்று வரை எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

பத்தரை மணி இருக்கும். மூழ்கிய பட்டணத்தின் மணிக்கூண்டில் ஏறிக்கொண்டிருந்தோம். அருளினி அக்கா திடீரென்று நிறுத்தினார். "யார் பக்கம்ப்பா அது? கதவுல என்னமோ இடிக்கிற சத்தம்."

எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"ஆரல் பக்கமிருந்துதான் வருது" என்றார் சபீர் அண்ணன்.

"தங்கச்சி சவுண்ட் எஃபெக்ட் போடுதுங்க!" என்று இன்பா அண்ணன் கத்தினார். "ஏம்மா, நெஞ்சே நின்னு போச்சு. சரியா பேய் வர்ற நேரம் பாத்துப் போட்டியே!"

நான் சுவரைப் பார்த்தேன். சுவர் சும்மா இருந்தது.

"ஆமா, நான்தான் போட்டேன்" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். "பிரமாதம். அடுத்த வாரமும் போடு" என்றார் அருளினி அக்கா.

ஹெட்போனைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். கழற்றவில்லை.

ஜூலை 14, திங்கள்

அப்பா எங்கள் பள்ளியில்தான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறார். தனசிங் சார் என்றால் பஜாரில் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் சத்தமே போட மாட்டார். தப்பாகப் பதில் சொன்னால், "திருப்பிச் சொல்லு" என்று மெதுவாகச் சொல்வார். சரியாக வரும்வரை சொல்ல வைப்பார்.

பிள்ளைகளுக்கு வீட்டிலோ வெளியிலோ கஷ்டம் என்றால் சீட்டில் எழுதிப் போட ஒரு பச்சைப் பெட்டி பள்ளியில் இருக்கிறது. மாடிப்படிக்குப் பக்கத்தில். இன்று காலைக் கூட்டத்தில் ஹெச்.எம். அதைப் பற்றிப் பேசினார். "பயப்படாம எழுதுங்க. சாவி ரொம்ப நம்பிக்கையான ஆள் கிட்டதான் இருக்கு" என்று சொல்லி அப்பாவைப் பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜூலை 19, சனி

இன்று பட்டணத்தில் ஒரு வீட்டுக்குள் போனோம். அருளினி அக்கா சொல்ல ஆரம்பித்தார். "உள்ளே விளக்கு இல்லை. பக்கத்து அறையில் ஒரு பெண். அழவில்லை. யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல வாயைப் பொத்திக்கொண்டு..."

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாங்க முடியாதது வந்தால் செய்தி அடிக்கும் எழுத்துப்பெட்டியில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். கதை அந்த இடத்திலேயே நிற்கும், அந்தக் காட்சி நடக்கவே நடக்காததாகிவிடும், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் குறியைப் போட்டேன்.

அருளினி அக்கா வாக்கியத்தைக் கூட முடிக்கவில்லை. "சரி. நாம அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. கடற்கரையில நிக்கிறோம். நல்ல காத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்பா அண்ணன், "கடற்கரையில சுண்டல் கிடைக்குமாங்க?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ரொம்ப நேரம் சிரித்தேன்.

முடிந்ததும் அக்கா எனக்குத் தனியாக எழுதினார். "உன் படிவத்துல எதுவுமே இல்லையே. இப்பவும் சேர்க்கலாம்." யோசித்து, 'பக்கத்து அறை' என்று எழுதி அனுப்பினேன். "சேர்த்துட்டேன்" என்று பதில் வந்தது. காரணம் கேட்கவில்லை.

ஒரு குறி போட்டால் நின்றுவிடுகிறது. எவ்வளவு எளிதாக நின்றுவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வாரமும் விளையாட்டைப் பதிவு செய்வார்கள். அவரவர் குரல் தனித்தனியாகப் பதிவாகும். சபீர் அண்ணன்தான் அதைச் சுத்தம் செய்து, ஒன்றாகச் சேர்த்து, செவ்வாய்க்கிழமை குழுவில் போடுவார். வேலை நேரத்தில் இரைச்சலுக்கு நடுவே அதைக் கேட்டுக்கொண்டே பில் போடுவாராம்.

இன்று குழுவில் போடவில்லை. எனக்குத் தனியாக ஒரு சின்னத் துண்டை அனுப்பினார். "தங்கச்சி, தப்பா நினைக்காதே. உன் குரல் இருந்த பதிவுல இரைச்சலக் குறைச்சேன். பின்னால இருக்கறது தெளிஞ்சு வந்துடுச்சு. இது எஃபெக்ட் இல்லைன்னு நினைக்கேன். வேற யாருக்கும் அனுப்பல. நீ தனியா இருக்கும்போது கேளு."

கழிப்பறைக்குள் போய்க் கேட்டேன்.

முதலில் என் குரல். "நான் தீவட்டியை உயர்த்துகிறேன்." அதற்குப் பின்னால், தள்ளி, அப்பாவின் குரல். வகுப்பில் பேசுகிற அதே குரல். "சொல்லு. திருப்பிச் சொல்லு." அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் அம்மா.

அம்மா கெஞ்சவில்லை. அழவுமில்லை. "மெதுவா. பிள்ள கிளாஸ்ல இருக்கா" என்றாள்.

"சத்தம் வராது. நீ சொல்லு" என்றார் அப்பா.

மறுபடியும் அந்தச் சத்தம். அந்த நேரத்தில் நான் சிரிக்கிறேன். சுண்டலுக்குச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பு. அது நீண்டு போகிறது. அதற்கு அடியில் அம்மா எண்ணிக்கொண்டிருக்கிறாள். எதை எண்ணுகிறாள் என்று தெரியவில்லை. பதினொன்று வரை கேட்டது.

துண்டை அழித்தேன். பல் தேய்த்தேன். அம்மா தோசை வார்த்துக் கொடுத்தாள். மூன்று சாப்பிட்டேன். "இன்னொண்ணு வைக்கட்டா?" என்றாள். வை என்றேன்.

ஜூலை 23, புதன்

ராத்திரி அருளினி அக்கா கூப்பிட்டார். நான் போர்வைக்குள் இருந்து பேசினேன்.

"சபீர் என்கிட்ட சொன்னான். கோவமா?"

"இல்லக்கா."

"ஒண்ணு கேக்கறேன். உனக்கு நெஜமா என்ன வயசு?"

"பதினஞ்சு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர், "எங்க இருக்கே?" என்றார்.

நான் சொல்லவில்லை. பத்து ஒன்பது எட்டு என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் ஆள் வருவார்கள் என்றார். பள்ளியில் சொல்ல முடியாதா என்று கேட்டார். பச்சைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தார்.

"அம்மாவோட சொந்தக்காரங்க?"

"சித்தி கோவில்பட்டியில இருக்காங்க. அப்பாதான் அவங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாரு."

"உன் பேராவது சொல்லும்மா."

"பெனிலா."

"பெனிலா, இந்த ஆட்டத்துல நீ இனிமே விளையாட முடியாது. உனக்கு வயசு பத்தாது, நான் சேர்த்ததே தப்பு. ஆனா சனிக்கிழமை ஒம்பது மணிக்கு நான் லைன்ல இருப்பேன். நீ பேச வேண்டாம். பன்னெண்டு வரைக்கும் இருப்பேன். காசு கீசு அனுப்பிடாதே."

அழுதுவிடுவேனோ என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 26, சனி. ராத்திரி மணி இரண்டு இருக்கும்

அம்மா சொம்பை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒன்பது மணிக்கு அருளினி அக்கா லைனில் வந்தார். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தேன். இன்னொரு காதைச் சுவர்ப் பக்கம் திறந்து வைத்தேன்.

அக்கா மூழ்கிய பட்டணத்தின் மீதிக் கதையைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல இந்தக் காதில் அலை, அந்தக் காதில் ஒன்றுமில்லை. பத்து மணி வரை ஒன்றுமில்லை. இன்று வராது என்று நினைத்தேன்.

பத்தே காலுக்கு அப்பா, "அந்தப் புதன்கிழமை எங்க போன?" என்று கேட்டார். அம்மா ஊசி நூல் வாங்கப் போனதாகச் சொன்னாள். "திருப்பிச் சொல்லு." சொன்னாள். "திருப்பிச் சொல்லு." ஆறு தடவையோ ஏழு தடவையோ சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சொன்னாள். நானாக இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் கனமாக ஏதோ விழுந்தது. அதற்குப் பிறகு அம்மாவின் குரல் வரவில்லை.

அக்காவுக்கும் கேட்டிருக்கிறது. "பெனிலா. அட்ரஸ் சொல்லு. பெனிலா."

எழுந்து கதவைத் திறந்து அந்த அறைக்குப் போயிருக்க வேண்டும். பத்து அடிதான். ஆரலுக்குப் பலம் பதினாறு. என் கால் கட்டிலை விட்டு இறங்கவில்லை. எழுத்துப்பெட்டியில் முகவரியை அடித்தேன். ஊர், தெரு, வீட்டு எண், அப்பா பெயர் எல்லாம். அடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அரைமணி நேரம் கழித்து வாசலில் வண்டி நின்றது. அப்பா சட்டை போட்டுக்கொண்டு போய் கேட்டைத் திறந்தார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

"சார், நீங்களா!" என்றார் வந்த போலீஸ்காரர். "நான் மரியதாஸ் சார். உங்க கிட்ட படிச்சேன்லா, கடைசி பெஞ்ச்."

"ஏ மரியதாஸ்! வேலைக்குப் போயிட்டியா? நல்லா இரு. என்னடே இந்த நேரத்துல?"

"ஏதோ போன் வந்துச்சு சார். வெளியூர்ப் பொம்பளைக் குரல். இங்க சண்டைன்னு..."

"பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ் நடக்கு. நாங்க பேசுறதே மெதுவாத்தான்" என்று அப்பா சிரித்தார்.

கூட ஒரு பெண் போலீஸும் வந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். அம்மா வந்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டிருந்தாள், ஜெபத்தில் போடுவது போல.

"அக்கா, இந்த லைட்டுக்குக் கீழ வாங்க."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பீரோவ நகத்துனோம், சரிஞ்சுட்டு. காப்பி போடட்டா?"

"வேண்டாம்க்கா. என் கூட ஒரு நிமிஷம் வெளிய வாரீங்களா?"

"அடுப்புல பால் இருக்கும்மா."

அடுப்பில் பால் இல்லை.

அவர்கள் ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்கள். மரியதாஸ் போகும்போது சல்யூட் அடித்தார்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. காலையில் வைஃபை பெட்டியைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினார். என் போனிலிருந்து சிம்மை எடுத்தார். "பத்தாம் வகுப்பு. இனி பரீட்சை முடியட்டும்" என்றார். என் தலையைத் தடவினார். அவர் கை சில்லென்று இருந்தது.

மத்தியானம் அவர் டியூஷனுக்குப் போன பிறகு அம்மா என் அறைக்கு வந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"நேத்து அவங்க எதுக்கு வந்தாங்க?"

"தெரியலம்மா."

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

அம்மாவின் இடது கண் முக்கால்வாசி மூடியிருந்தது. மற்ற கண் என்னையே பார்த்தது. நான் இதுவரை அம்மா பயந்து பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமைகளில் கூட அந்தக் குரலில் பயம் இல்லை. இப்போது என்னிடம் பயந்தாள்.

"ஒண்ணுமே கேக்கலம்மா. இது போட்டா இடி விழுந்தாலும் கேக்காது. கிளாஸ்ல ஒரு பேய்க்கதை நடத்துனாங்க, அதுல வந்த சத்தத்த யாரோ தப்பா நினைச்சுட்டாங்க போல."

அம்மா அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விட்டாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் இறங்கினால் இப்படித்தான் மூச்சு விடுவாள்.

"உனக்குக் கேக்கலன்னா போதும் மக்களே. மத்தத நான் பாத்துக்கிடுவேன். நீ படிச்சு எங்கயாவது தூரமா போயிருவ. அது வரைக்கும்தான்."

"ஏன்மா, என்ன கேக்கணும்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பாத்திரம் கீத்திரம் விழும்லா."

ஜூலை 31, வியாழன்

அருளினி அக்கா விடவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்பா இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. பிள்ளைகள் நலத்துக்கான ஆட்கள் என்று அடையாள அட்டை காட்டினார்கள். அம்மா டீ கொடுத்தாள். என் மார்க் அட்டையைக் காட்டினாள்.

வயதானவர், "பாப்பாகிட்ட தனியா பேசணும்" என்றார். அம்மா சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போனது பக்கத்து அறைக்கு.

அவர் என் கட்டிலில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நல்லவர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "பெனிலா, நீ என்ன சொன்னாலும் நான் நம்புவேன். உன் அம்மாவையும் உன்னையும் பத்திரமா வைக்க இடம் இருக்கு. வீட்டுல என்ன நடக்குது?"

எல்லாம் வாயில் வந்தது. சுண்டல், பதினொன்று வரை எண்ணியது, பச்சைப் பெட்டியின் சாவி. வரிசையாக வந்து நின்றது.

நான் மேலே பார்த்தேன். காற்றுக்காக விட்ட திறப்பு. அந்தப் பக்கம் அம்மா நடக்கவில்லை, பாத்திரம் நகரவில்லை, கட்டில் கூடக் கிறீச்சிடவில்லை. அம்மா சுவருக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னாலும், இத்தனை நாளும் எனக்குக் கேட்டது என்று அங்கே தெரிந்துவிடும்.

வெளியே போய்ப் பேசலாம் என்று சொல்லியிருக்கலாம். அது இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

"ஒண்ணும் நடக்கல ஆன்ட்டி" என்றேன். "எனக்கு எதுவும் கேக்கல."

அப்புறம் அவரும் அந்தத் திறப்பைப் பார்த்தார். ஒரு சீட்டில் எண் எழுதி என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தார். "மறுபடியும் வருவேன்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா வந்து என் பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னிவிட்டாள். அவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் வந்ததை அப்பாவிடம் சொல்லாதே என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று மணிக்கே அம்மா கேட்டாள். "இன்னைக்கு கிளாஸ் உண்டுதானே?"

நெட் இல்லை. சிம் இல்லை. நான் இப்போது அந்த ஆட்டத்திலும் இல்லை. "உண்டும்மா" என்றேன்.

"அப்பா பெட்டிய கழத்திட்டாங்களே?"

"எதுத்த வீட்டு அக்கா அவங்க பாஸ்வேர்டு தந்திருக்காங்க. அப்பாட்ட சொல்லிராத."

அம்மாவின் முகம் தெளிந்தது. "சொல்ல மாட்டேன். பன்னெண்டு வரைக்கும்தான?"

"பன்னெண்டு வரைக்கும்."

ஒன்பது மணிக்கு அணைந்த போனை முன்னால் வைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன். உள்ளே எதுவும் ஓடவில்லை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால் காதுக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கிடைக்கிறது. எல்லாம் கேட்டது.

பேச ஆரம்பித்தேன். அம்மாவுக்குக் கேட்க வேண்டும், ஆனால் அவளுக்குக் கேட்பதற்காகப் பேசுகிற மாதிரி இருக்கக் கூடாது. "வணக்கம்க்கா. ஆமா, ஆரல் வந்துட்டேன்" என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன், அக்கா பதில் சொல்லும் நேரம். "சரி, நான் முன்னால போறேன்." மணிக்கூண்டில் ஏறினேன். கதவுகளைத் திறந்தேன். காணாமல் போனவர்களில் இரண்டு பேரைக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்பா அண்ணன் சொல்லாத நகைச்சுவைக்குச் சிரித்தேன். போன வாரங்களில் சிரித்திருக்கிறேன், சிரிக்காவிட்டால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும்.

பத்து மணிக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது. "திருப்பிச் சொல்லு."

"மெதுவா" என்றாள் அம்மா. "பிள்ள கிளாஸ்ல இருக்கா."

நான் குரலை உயர்த்தினேன். அலை வருகிறது என்றேன், ஓடுங்கள் என்றேன், பகடையில் இருபது விழுந்தது என்றேன். பட்டணத்திலிருந்து எல்லோரையும் ஒருவர் விடாமல் வெளியே கொண்டுவந்து மணலில் உட்கார வைத்தேன். கதை தீர்ந்துவிட்டது. கடிகாரத்தில் பத்தே முக்கால். அந்தப் பக்கம் இன்னும் தீரவில்லை.

மணலில் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பி, மறுபடியும் தண்ணீருக்குள் கூட்டிப் போனேன்.